குழந்தைக்கு குடல்வால், குடலிறக்கம் ஆபரேஷன்: பாலிசி எவ்வளவு தரும், உங்க கையிலிருந்து எவ்வளவு போகும்?



போன மே மாச லீவு. அக்காவும் அத்தானும் சென்னையில வேலை. அவங்க பையனை, ஒம்பது வயசு, கல்லிடைக்குறிச்சியில எங்க அம்மாகிட்ட விட்டுட்டுப் போயிருந்தாங்க. நானும் ரெண்டு நாள் ஊருக்கு வந்திருந்தேன்.

ராத்திரி "ஆச்சி, வயிறு வலிக்கி"ன்னு எழுந்தான். பகல் முழுக்க மாங்காயும் உப்பும் தின்னவன்தானேன்னு அம்மா ஓமத் தண்ணி கொடுத்துப் படுக்க வச்சாங்க. விடியும்போது தொப்புளைச் சுத்தி இருந்த வலி வலது பக்கம் அடிவயித்துக்கு இறங்கியிருந்தது. ரெண்டு தடவை வாந்தி. லேசா காய்ச்சல். நிமிர்ந்து நடக்க முடியாம குனிஞ்சே நடந்தான். ஆத்துப் பாலம் தாண்டி அம்பாசமுத்திரத்தில ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். வயித்தைத் தொட்டுப் பார்த்த உடனே, "குடல்வால் மாதிரி தெரியுது, திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க, இன்னைக்கே"ன்னுட்டார்.

திருநெல்வேலிக்கு சுமார் 35 கிலோமீட்டர். கார் கிளம்பினதுமே சென்னையிலிருந்து அத்தான் போன். மூணே கேள்வி. "எந்த ஆஸ்பத்திரி நம்ம லிஸ்ட்ல இருக்கு? கார்டு உங்ககிட்ட இருக்கா, நான் அனுப்பணுமா? ரூம் எது எடுக்கப் போறீங்க?"

இன்சூரன்ஸ் பத்தி வரிசையா வீடியோ போட்டவன் நான். அந்தக் கார்ல ஒரு கேள்விக்குக் கூட என்கிட்ட பதில் இல்ல.

பையன் நல்லா இருக்கான், அதை முதல்லயே சொல்லிடறேன். அன்னைக்கு சாயங்காலமே லேப்ராஸ்கோப்பியில ஆபரேஷன் முடிஞ்சு, மூணாவது நாள் வீட்டுக்கு வந்துட்டான். ஆனா பாலிசியிலிருந்து வந்த தொகைக்கும் நாங்க கட்டின பில்லுக்கும் நடுவுல பெரிய பள்ளம். அது ஏன் வந்தது, பெரும்பகுதியை எப்படித் திரும்ப வாங்கினோம், நீங்க எப்படி அந்தப் பள்ளத்தில விழாம இருக்கறது, இதுதான் இந்தப் பதிவு.

ஒரு விஷயம். நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. நோய் பத்தி பொதுவா தெரிஞ்சதை மட்டும் சுருக்கமா சொல்றேன். சிகிச்சை முடிவு எப்பவுமே உங்க டாக்டரோடது.

முதல்ல நோய் என்ன?

குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ். பெருங்குடல் தொடங்குற இடத்தில விரல் மாதிரி ஒரு சின்ன வால் இருக்கு. அது அடைச்சு வீங்கினா வலி. பத்து வயசுலேர்ந்து இருபது வயசுக்குள்ள அதிகமா வரும். நேரம் போகப் போக அது வெடிக்கற ஆபத்து கூடும். சின்னக் குழந்தைகளுக்கு வலியைச் சரியா சொல்லத் தெரியாததால கண்டுபிடிக்கறதுக்குள்ளயே வெடிச்சிருக்கற வாய்ப்பு இன்னும் அதிகம். ஆரம்ப நிலையில சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கறதும் உண்டு, ஆனா திரும்ப வரலாம். எது சரின்னு டாக்டர் சொல்லட்டும்.

அடுத்தது கவட்டைக் குடலிறக்கம், அதாவது இங்குயினல் ஹெர்னியா. குழந்தை கருவுல இருக்கும்போது வயித்திலிருந்து தொடை இடுக்குக்கு ஒரு சின்னப் பாதை இருக்கும். பிறக்கற சமயத்தில அது மூடிக்கணும். மூடலைன்னா குடல் அது வழியா இறங்கி, அழும்போதும் முக்கும்போதும் இடுக்குல ஒரு புடைப்பு தெரியும். தூங்கும்போது மறைஞ்சிடும். ஆண் குழந்தைகளுக்கும், குறைமாசத்தில பிறந்த குழந்தைகளுக்கும் அதிகம். இது தானா சரியாகாது, ஆபரேஷன்தான். தொப்புள்ல வர்ற புடைப்பு வேற. அது பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிக்கும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இடுக்குல இருக்கற புடைப்பு கெட்டியாகி, உள்ள போகாம, குழந்தை வாந்தியும் எடுத்து விடாம அழுதா அது அவசரம். இன்சூரன்ஸ் கார்டைத் தேடிட்டு நிக்காதீங்க. 108-க்கு போன் பண்ணுங்க, ஆம்புலன்ஸ் இலவசம்.

ஒரு சுவாரசியமான வரலாறு. உலகத்தில பதிவான முதல் குடல்வால் ஆபரேஷன் 1735-ல லண்டன்ல, கிளாடியஸ் அமியாண்ட்ங்கற சர்ஜன் பண்ணது. நோயாளி 11 வயசுப் பையன். அவனுக்கு இருந்தது குடலிறக்கம். திறந்து பார்த்தா அந்தப் புடைப்புக்குள்ள இருந்ததே குடல்வால்தான்! அப்போ மயக்க மருந்தே கிடையாது. லேப்ராஸ்கோப்பியில முதல் குடல்வால் ஆபரேஷன் 1980-ல ஜெர்மனியில, குர்ட் செம் பண்ணது. இந்தியாவில லேப்ராஸ்கோப்பியில பித்தப்பையை முதல்ல எடுத்தது 1990-ல மும்பையில, டெம்டன் உட்வாடியா. தமிழ்நாட்டுல இந்த முறையைப் பரப்பினவங்கள்ல கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர். இன்னைக்கு திருநெல்வேலி வரைக்கும் இது சாதாரணமா நடக்குது.

லேப்ராஸ்கோப்பிக்கு கூடப் பணம் கொடுக்கலாமா?

வயித்துல பொதுவா மூணு சின்னத் துளை, குழந்தைகளுக்கு ஒவ்வொண்ணும் சில மில்லிமீட்டர்தான். கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏத்தி, கேமரா வச்சுப் பார்த்துப் பண்றாங்க. குடல்வால் ஆபரேஷன்ல வலி குறைவு, காயத்தில சீழ் பிடிக்கறது குறைவு, ஸ்கூலுக்கு சீக்கிரம் போகலாம். இது நிஜமான பலன்.

குழந்தைகளோட குடலிறக்கத்தில கதை கொஞ்சம் வேற. அங்க ஓபன் முறையிலயும் வெட்டு சின்னதுதான், பல வருஷமா நல்லா நடக்கற ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பியில மறு பக்கமும் பாதை திறந்திருக்கான்னு பார்க்க முடியும்ங்கறது ஒரு லாபம். அதனால "லேப்ரோ பண்ணலைன்னா குழந்தைக்குத் துரோகம் பண்றோம்"னு நினைச்சு கடன் வாங்க வேண்டாம். டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க: "என் குழந்தைக்கு ரெண்டுல எது, ஏன்? செலவு எவ்வளவு வித்தியாசம்?" கேட்கறதுல தப்பே இல்ல.

இன்னொண்ணு. பெரியவங்களுக்குக் குடலிறக்கத்தில வலை வச்சுத் தைப்பாங்க. குழந்தைகளுக்கு வழக்கமா வலை வைக்கறதில்ல, அந்தப் பாதையைக் கட்டி மூடறதோட சரி. எஸ்டிமேட்ல 'மெஷ்'னு ஒரு வரி இருந்தா, எதுக்குன்னு கேளுங்க.

பாலிசி கண்ணுல ரெண்டும் ஒண்ணு இல்ல

இங்கதான் நிறையப் பேர் ஏமாறறாங்க. ரெண்டுமே வயித்து ஆபரேஷன்தானேன்னு நினைப்போம். பாலிசி அப்படி நினைக்காது.

தனியா வாங்கற எந்த பாலிசியிலயும் முதல் 30 நாளுக்கு, விபத்து தவிர, எதுவும் கிடைக்காது. அதுக்கப்புறம் குடல்வால் மாதிரி திடீர்னு வர்றதுக்குப் பொதுவா தடை இருக்காது. ஆனா 'குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பு காலம்'னு ஒரு பட்டியல் உண்டு. கண்புரை, மூலம், கல்லு இதோட ஹெர்னியாவும் அதுல கிட்டத்தட்ட எல்லா பாலிசியிலயும் இருக்கும். வழக்கமா 24 மாசம். அதிகபட்சம் 36 மாசம் வரைக்கும் வைக்கலாம்னு ஐஆர்டிஏஐ அனுமதிக்குது. உங்க பாலிசியில அந்தப் பட்டியலை ஒரு தடவை கண்ணால பாருங்க.

ரெண்டாவது சிக்கல், 'பிறவிக் குறைபாடு'ங்கற வார்த்தை. குழந்தையோட குடலிறக்கத்துக்குக் காரணம் பிறக்கும்போது மூடாத பாதை. பாலிசியில பிறவிக் குறைபாட்டை ரெண்டா பிரிப்பாங்க. வெளியில தெரியற, தொடக்கூடிய பாகத்தில இருந்தா வெளிப்புறம், இல்லைன்னா உட்புறம். வெளிப்புறத்துக்குப் பல பாலிசியில பணம் கிடையாது. மூடாத பாதை இருக்கறது வயித்துக்குள்ள. வெளியில தெரியறது அதோட விளைவுதான். 'வெளிப்புறப் பிறவிக் குறைபாடு'ன்னு காரணம் சொல்லி மறுத்தா, சர்ஜன்கிட்ட இதை விளக்கி ஒரு கடிதம் வாங்கி மறுபரிசீலனை கேளுங்க.

ஆபீஸ் குரூப் பாலிசி இங்க பெரிய வரம். பெரும்பாலான கம்பெனி பாலிசியில இந்த காத்திருப்பு காலம் எல்லாமே தளர்த்தியிருப்பாங்க. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே குழந்தையோட ஹெர்னியாவுக்கும் கிடைக்கலாம். ஆனா வேலையை விட்டா அந்த கவர் முடிஞ்சு போகும். குழந்தைக்கு ஆபரேஷன் தேதி குறிச்சிருக்கும்போது ராஜினாமா கடிதம் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. புது கம்பெனி கவர் எந்த தேதியில ஆரம்பிக்குதுன்னு எழுத்துல வாங்குங்க.

"இன்னும் பத்து மாசம் இருக்கு, காத்திருக்கலாமா?"

இது பல இளம் பெற்றோர் என்கிட்ட கேட்கற கேள்வி. குழந்தைக்கு ஒரு வயசு கூட ஆகல. ஹெர்னியான்னு டாக்டர் சொல்லிட்டார். சொந்த பாலிசி எடுத்து 14 மாசம்தான் ஆச்சு. இன்னும் பத்து மாசம் தள்ளினா பாலிசியே கட்டும். காத்திருக்கலாமா?

ஆடிட்டரா யோசிச்சா காத்திருக்கறது லாபம் மாதிரி தெரியும். ஆனா கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு. குடல் மாட்டிக்கற ஆபத்து ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைகளுக்குத்தான் அதிகம். மாட்டிக்கிட்டா அது ராத்திரி நேர அவசர ஆபரேஷன். குடலுக்கே சேதம் வரலாம். அப்பவும் காத்திருப்பு காலம் முடிஞ்சிருக்காது, அதனால பாலிசி கொடுக்காது. செலவும் பல மடங்கு, குழந்தைக்கும் ஆபத்து. டாக்டர் "சீக்கிரம் பண்ணுங்க"ன்னா பாலிசிக்காகத் தள்ளாதீங்க.

இன்னொரு யோசனையும் சிலர் சொல்வாங்க: "கேஸ் ஷீட்ல புடைப்பு இப்போதான் தெரிஞ்சதுன்னு எழுதச் சொல்லுங்க." வேண்டாம். பழைய ஸ்கேன், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் இருக்கு. பொய் தெரிஞ்சா இந்த ஒரு க்ளெய்ம் மட்டும் இல்ல, குடும்பத்தோட மொத்த பாலிசியுமே ரத்தாகலாம்.

அப்போ வழி? முதல்ல அப்பா, அம்மா ரெண்டு பேரோட ஆபீஸ் பாலிசியும் பாருங்க. இல்லைன்னா அரசு மருத்துவமனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுல இருக்கற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவே தனியா இருக்கு. "அங்கயா?"ன்னு முகம் சுளிக்காதீங்க. குழந்தை சர்ஜன் பண்றது முக்கியம், ஏசி ரூம் முக்கியமில்ல.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருஷத்துக்கு 5 லட்சம் வரை. சம்பளக்காரங்க நமக்கு இது பொருந்தாது. ஆனா ஊருல அப்பளம் போடற சித்தி வீட்டுக்கும், தறி ஓட்டற மாமா வீட்டுக்கும் பொருந்தலாம். விஏஓ-கிட்ட வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்தில பதிவு பண்ணணும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவங்ககிட்ட அட்டை இருக்கான்னு கேளுங்க.

மாசச் சம்பளம் 21,000-க்குள்ளன்னா உங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கும். சம்பளத்தில 0.75% பிடிக்கறாங்க, கம்பெனி 3.25% கட்டுது. மனைவி, குழந்தைகளுக்கும் சிகிச்சை உண்டு. பிடிக்கறாங்களேன்னு புலம்பறவங்க பலர், பயன்படுத்தறவங்க சிலர்.

எங்க பள்ளம் எங்க இருந்தது: ரூம் வாடகை

இப்போ எங்க கதைக்கு வர்றேன். அந்த அவசரத்தில ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல "எந்த ரூம்?"னு கேட்டாங்க. "நல்ல ரூமாவே கொடுங்க"ன்னு சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். அத்தானோட பாலிசியில ரூம் வாடகைக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. அதை நான் பார்க்கல.

"கூடுதல் வாடகையை நம்ம கையிலிருந்து கொடுத்துட்டாப் போச்சு"ன்னுதானே நினைப்போம்? அப்படி இல்ல. வரம்பைத் தாண்டின அதே விகிதத்தில டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாத்தையும் வெட்டுவாங்க. விகிதாசாரக் கழிவுன்னு பேரு. எங்க பில்லை விட்டுடுங்க, புரியறதுக்கு ஒரு உதாரணக் கணக்கு போடறேன்.

பாலிசி வரம்பு ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். நீங்க எடுத்த ரூம் 8,000. மூணு நாள்.

- ரூம் வாடகை: 24,000
- சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங்: 70,000
- மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்: 22,000
- கிளவுஸ் மாதிரி பாலிசியில வராத பொருட்கள்: 6,000
- மொத்தம்: 1,22,000

பாலிசி கொடுக்கறது:

- ரூம்: 12,000
- டாக்டர், தியேட்டர் வகையறா, பாதி மட்டும்: 35,000
- மருந்து, பரிசோதனைகள், முழுசா: 22,000
- மொத்தம்: 69,000

உங்க கையிலிருந்து 53,000 ரூபாய்! ரூம் வித்தியாசம் வெறும் 12,000-தான். அதுக்கு மேல 35,000 வெட்டு, அதோட வராத பொருட்கள் 6,000. மற்ற கட்டணம் மாறாம நீங்க 4,000 ரூபாய் ரூமே எடுத்திருந்தா கையிலிருந்து போறது 6,000 மட்டும்.

இதுல ரெண்டு நுணுக்கம். ஒண்ணு, மருந்து, உள்ளே வைக்கற கருவிகள், பரிசோதனை, ஐசியூ கட்டணம் இதுல இந்த விகிதக் கழிவு பண்ணக் கூடாது. ரெண்டு, ரூமுக்கு ஏத்த மாதிரி டாக்டர் ஃபீஸை மாத்தாத ஆஸ்பத்திரியில விகிதக் கழிவே கூடாதுங்கறது விதி. உங்க ஆஸ்பத்திரி எல்லா ரூமுக்கும் ஒரே ஃபீஸ்தான் வாங்குதுன்னா, அதை லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கி க்ளெய்மோட சேருங்க.

அந்தப் பணத்தை எப்படி மீட்டோம்?

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா சாதாரணமா ஒரு வார்த்தை சொன்னா: "என் ஆபீஸ் பாலிசியிலயும் அவன் பேரு இருக்குல்ல?" அப்போதான் எனக்கு உறைச்சது.

அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, குழந்தை ரெண்டு குரூப் பாலிசியிலயும் இருக்கலாம். முதல் பாலிசி முழுசா தீர்ந்தாத்தான் ரெண்டாவதைத் தொடலாம்னு இல்ல. முதல் பாலிசி வெட்டின தொகையை ரெண்டாவது பாலிசியில கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. அவங்க தங்களோட விதிப்படி தனியா பார்ப்பாங்க. அக்கா பாலிசியில ரூம் வரம்பு இல்ல. முதல் கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் கடிதம், பில்லுகளோட சான்றிட்ட நகல் எல்லாம் வச்சு அனுப்பினோம். பெரும்பகுதி வந்துடுச்சு. ஒரே செலவுக்கு ரெண்டு தடவை முழுப் பணம் வாங்கக் கூடாது, அது மோசடி. விட்டுப்போனதை மட்டும் கேட்கறது உரிமை.

அட்மிட் ஆகற அன்னைக்கு என்ன செய்யணும்?

1. முதல்ல குழந்தை. சிகிச்சை ஆரம்பிக்கட்டும். பேப்பர் வேலைக்கு இன்னொருத்தர் ஓடட்டும்.

2. இன்சூரன்ஸ் டெஸ்க்ல கேஷ்லெஸ் உண்டான்னு கேளுங்க. 2024-ல வந்த ஐஆர்டிஏஐ விதிப்படி, கேஷ்லெஸ் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளயும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூணு மணி நேரத்துக்குள்ளயும் கம்பெனி பதில் சொல்லணும்.

3. நெட்வொர்க்ல இல்லாத ஆஸ்பத்திரியா? 2024 ஜனவரியில வந்த 'எங்கும் கேஷ்லெஸ்' ஏற்பாட்டுல, திட்டமிட்ட ஆபரேஷன்னா 48 மணி நேரம் முன்னாடியும், அவசரம்னா சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளயும் கம்பெனிக்குத் தெரிவிச்சா கேட்கலாம். ஆஸ்பத்திரியும் ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா பணம் கட்டிட்டு பிறகு திரும்ப வாங்கறதுதான். உங்க பாலிசியில 24 மணி நேரம்னு போட்டிருக்கலாம், அதனால அன்னைக்கே தகவல் சொல்லிடுங்க.

4. சின்ன நர்சிங் ஹோமா? பாலிசியில 'மருத்துவமனை'ன்னா என்னன்னு விளக்கம் இருக்கு. முறையா பதிவு பண்ணியிருக்கணும். இல்லைன்னா குறைஞ்ச நிபந்தனைகளைப் பூர்த்தி பண்ணணும். பத்து லட்சத்துக்குக் கீழ மக்கள்தொகை இருக்கற ஊருல குறைஞ்சது 10 படுக்கை, 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ், சொந்தத் தியேட்டர் இதெல்லாம் அதுல வரும். பதிவுச் சான்று நகல் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க.

5. ஹெர்னியாவுக்குக் காலையில போய் சாயங்காலம் வந்துடலாம். "24 மணி நேரம் படுக்கல, அதனால கிடையாது"ன்னு பயப்படாதீங்க. மயக்க மருந்து கொடுத்து 24 மணி நேரத்துக்குள்ள முடியற ஆபரேஷன் 'டே கேர்' கணக்குல வரும். ஆனா குடல்வாலுக்கு வெறும் மருந்துன்னா 24 மணி நேரம் உள்நோயாளியா இருந்திருக்கணும்.

6. பேப்பர்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, பிரிவு வாரியான பில், பணம் கட்டின ரசீது, மருந்துச் சீட்டோட மருந்து பில், ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு. எடுத்த குடல்வாலைப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. அந்த ரிப்போர்ட் சில நாள் கழிச்சுத்தான் வரும். அதை வாங்க மறந்துட்டு ஊருக்குப் போயிடாதீங்க, க்ளெய்ம் அங்கேயே நிக்கும். க்ளெய்ம் ஃபார்ம்ல ரெண்டாவது பாகம் ஆஸ்பத்திரி நிரப்பி சீல் வைக்கணும்.

7. அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன், பிறகு போற ரிவ்யூ எல்லாத்துக்கும் கேட்கலாம். பொதுவா முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள்.

கையிலிருந்து கட்டணும்னா

கேஷ்லெஸ் கிடைக்காத ராத்திரிக்குத்தான் அவசர நிதி. மூணு மாசச் செலவாவது சேவிங்ஸ்லயோ எஃப்டியிலயோ இருக்கட்டும். கிரெடிட் கார்டு போட்டா பில் தேதிக்குள்ள முழுசா கட்ட முடியுமான்னு பாருங்க, மினிமம் கட்டிட்டு இருந்தா வட்டி தின்னுடும். பிஎஃப்-ல மருத்துவக் காரணத்துக்கு முன்பணம் எடுக்கலாம், ஆனா அது கைக்கு வர நாள் ஆகும், அன்னைக்கு ராத்திரிக்கு உதவாது.

சொந்தக்காரங்க அவசரத்துக்குக் கையில பணம் கொடுப்பாங்க. மனசுக்கு நல்ல விஷயம். ஆனா கடனா வாங்கறது 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோன்னா ரொக்கமா வாங்காம பேங்க் வழியா வாங்குங்க, வரிச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அதே மாதிரி, ஒரே சிகிச்சைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க ஆஸ்பத்திரிக்கு அனுமதி இல்ல.

வரியில ஏதாவது கிடைக்குமா?

குழந்தையோட ஆபரேஷன் செலவுக்கு நேரடியா வரிக் கழிவு கிடையாது. நிறையப் பேர் ஆஸ்பத்திரி பில்லை எடுத்துட்டு 80டி-ன்னு வருவாங்க. அது இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு: உங்க குடும்பத்துக்கு 25,000 வரை, பெற்றோருக்குத் தனியா 25,000, அவங்க 60 வயசு தாண்டியிருந்தா 50,000. அதுவும் பழைய வரி முறையில மட்டும். புது முறையில கிடையாது. பிரீமியத்தை ரொக்கமா கட்டியிருந்தாலும் கிடையாது. கம்பெனி கட்டற பிரீமியத்துக்கு நீங்க கேட்க முடியாது. பெற்றோருக்காக உங்க சம்பளத்தில பிடிச்சிருந்தா கேட்கலாம்.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர், ஃபேமிலி ஃப்ளோட்டர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்னாடி 18% கட்டிட்டிருந்தோம். ஆபீஸ் பாலிசியை மட்டும் நம்பாம சொந்தமா ஒண்ணு எடுங்கன்னு சொல்ல இதுவும் ஒரு காரணம். காத்திருப்பு காலம் ஓட ஆரம்பிக்கணும்னா இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்தாலும் நல்லதுதான். ஆனா பிறகு சேர்க்கற குழந்தைக்குக் காத்திருப்பு காலம் எப்போலேர்ந்து கணக்குன்னு கேட்டுக்குங்க.

ஊர் முகவரியில பாலிசி எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. சில பாலிசிகள் ஊரைப் பொறுத்து பிரீமியம் வைக்கும். கல்லிடைக்குறிச்சி முகவரியில குறைஞ்ச பிரீமியத்துக்கு எடுத்துட்டு சென்னையில ஆபரேஷன் பண்ணா, ஒரு பங்கை நீங்க கட்டணும்னு இருக்கலாம். நீங்க வசிக்கற ஊரையே உண்மையா கொடுங்க.

க்ளெய்மை மறுத்தா?

எந்த விதியின்படி மறுத்தாங்கன்னு எழுத்துல கேளுங்க. கம்பெனியோட க்ளெய்ம் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் இல்லாம மறுக்கக் கூடாதுங்கறது இப்போ விதி. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ சென்னையில இருக்கற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்ல.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம்

- ஹெச்ஆர் போர்ட்டல்ல குழந்தை பேரும் பிறந்த தேதியும் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க. புதுசா பிறந்த குழந்தையைச் சேர்க்க ஒரு கெடு இருக்கும், தவற விடாதீங்க.
- இ-கார்டை டவுன்லோட் பண்ணி மனைவிக்கும் கணவருக்கும், ஊருல இருக்கற ஆச்சி தாத்தா போனுக்கும் அனுப்புங்க.
- ரூம் வரம்பை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கார்டு போட்டோவோட சேர்த்து அனுப்புங்க.
- குழந்தை லீவுக்குப் போற ஊருக்குப் பக்கத்தில, குழந்தை சர்ஜன் இருக்கற நெட்வொர்க் ஆஸ்பத்திரி எதுன்னு ரெண்டு பேரு எழுதி வைங்க. நமக்கு சென்னை லிஸ்ட் தெரியும். குழந்தை இருக்கறது கல்லிடைக்குறிச்சியில.

எங்க அம்மா இப்போ அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்காங்க. ஆஸ்பத்திரி பேரு, டிபிஏ நம்பர், "ரூம் 4,000-க்கு மேல வேண்டாம்"னு என் கையெழுத்துல. அடுத்த லீவுக்கு வந்த மருமகன் அதைப் படிச்சுட்டு, "மாமா, இதை நீங்க அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா?"ன்னான். ஆமாடே, எழுதியிருக்கலாம்.

நீங்க இன்னைக்கே எழுதிடுங்க. உங்க பாலிசியில ரூம் வரம்பு எவ்வளவு, ஹெர்னியாவுக்கு எத்தனை மாசம்னு பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. புரியாத விதி இருந்தா அதையும் போடுங்க, அடுத்த வீடியோவுல பார்ப்போம்.